டபுள் புரமோஷனும் ஒற்றைக் கால் ஷூவும்

உள்ளே வந்ததும் அந்தக் குழந்தை என்னைப் பார்க்கவில்லை. என் மேஜைமேல் பிரித்து வைத்திருந்த பிஸ்கட் பாக்கெட்டைத்தான் பார்த்தாள். எட்டு வயதுக்குச் சற்றுச் சிறிய உருவம். எண்ணெய் வைத்து இழுத்துக் கட்டிய இரட்டைச் சடை. அவள் கையைப் பிடித்திருந்த அம்மா, ஷூ கம்பெனியில் போடும் நீலக் கோட்டைப் புடவைமேல் மாட்டியபடியே வந்திருந்தார். இங்கே வேலை முடிந்ததும் நேராகக் கம்பெனிக்கு ஓட வேண்டும் போலிருந்தது.

"ஒண்ணு எடுத்துக்கோம்மா" என்றேன்.

குழந்தை கையை நீட்டினாள். அம்மா அதைப் பிடித்து இழுத்துக்கொண்டார்.

"வேணாங்க டாக்டரம்மா. நேத்து ராத்திரிலருந்து ஒண்ணும் குடுக்கல. தண்ணி கூட காட்டல. டெஸ்ட் முடியட்டும்."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. எங்கள் வேலூர்ப் பக்கத்தில் டெஸ்ட் என்றால் ரத்தம் எடுப்பதுதான். வீட்டுக்கு ஒருவராவது வெறும் வயிற்றோடு ஆஸ்பத்திரி வரிசையில் நின்று பழகியிருப்பார்கள். நானோ அந்தக் குழந்தையின் அறிவை அளக்கப் படப் புத்தகமும் வண்ணக் கட்டைகளும் எடுத்துக்கொண்டு காட்பாடியிலிருந்து காலை ரயிலில் ஆம்பூரில் இந்தப் பள்ளிக்கு வந்திருந்தேன்.

"நான் டாக்டர் இல்லம்மா. ஊசியும் கிடையாது. முதல்ல புள்ளைக்கு ஏதாவது வாங்கிக் குடுங்க" என்றேன். அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. பள்ளிக்கு எதிர்க் கடையிலிருந்து இட்லி வந்தது. குழந்தை அத்தனையையும் சாப்பிட்டுவிட்டு, இலையில் ஒட்டியிருந்த சட்னியையும் வழித்து முடித்தாள். அதுவரை அம்மா சுவரோரம் நின்றுகொண்டே இருந்தார். பிறகு என் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், மறைக்காம சொல்லிடுங்க. எங்க எஸ்தருக்கு இன்னா வியாதி?"

வியாதி என்று அவராகக் கற்பனை செய்துகொள்ளவில்லை. பள்ளியில் சொன்னதை அவர் அப்படிப் புரிந்துகொண்டிருந்தார்.

ஒரு கணக்குக்கு ரெண்டு

அந்த அம்மாவின் பெயர் செல்வராணி. ஷூ கம்பெனியில் செக்கிங் மேஜையில் வேலை. தைத்து வரும் ஷூவைப் புரட்டிப் பார்த்து, பழுதிருந்தால் திருப்பி அனுப்ப வேண்டும். கணவருக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. எஸ்தர் ஒரே மகள், மூன்றாம் வகுப்பு. அந்த வருஷம் பள்ளியிலிருந்து வீட்டுக்குப் போனதெல்லாம் புகார்தான்.

வகுப்பாசிரியை விமலா டீச்சர் என்னிடம் ஒரே மூச்சில் கொட்டினார்.

"ஒரு கணக்கு குடுத்தா ரெண்டு போடறா மேடம். கூட்டச் சொன்னா கூட்டிட்டு, பக்கத்துலயே கழிச்சும் வெக்கறா. பெருக்கச் சொன்னா வகுத்தும் வெக்கறா. வகுத்தல்ல இந்த மாதிரிப் பெரிய கணக்கெல்லாம் நான் இன்னும் நடத்தவே இல்ல. அதையும் முடிச்சிட்டு, பக்கத்துல ஆயிஷா இருக்காளே, அவளோடதையும் போட்டுக் குடுத்துடறா. அப்புறம் வேலை இல்லாம பெஞ்சுக்கு அடியில போயி உக்காந்துக்கறா. ஒரே பேஜாருங்க."

"நடத்தாததை எப்படிப் போடறா?"

"அதான் எனக்கும் தெரியல. ஏதோ கோளாறுன்னு நெனைக்கறேன்."

விமலா டீச்சரை நான் குறை சொல்ல மாட்டேன். அத்தனை பிள்ளைகளையும் ஒற்றை ஆளாக மேய்த்துவிட்டு மாலையில் குரலில்லாமல் வீட்டுக்குப் போகிறவர் அவர். அந்தக் குழந்தையை அளந்து பார்க்கச் சொல்லித் தலைமையாசிரியையிடம் முதலில் கேட்டதும் அவர்தான். கோளாறு என்று சொன்னவர், அதோடு விட்டுவிடாமல் ஆளை வரவழைத்தார். எத்தனை பேர் அதைச் செய்கிறார்கள்?

தலைமையாசிரியை சுகந்தி மேடம் வேறு ரகம். கடைத்தெருவில் அந்தப் பள்ளியின் மணியைக் கேட்டுத்தான் கடிகாரத்தைச் சரிசெய்வார்கள். அவரிடம் எல்லாவற்றுக்கும் ஒரு கோடு உண்டு. கோட்டுக்கு இந்தப் பக்கம் சரி, அந்தப் பக்கம் தப்பு.

"உங்க டெஸ்ட்ல நாங்க சொல்ற நம்பருக்கு மேல வந்தா டபுள் புரமோஷன். மூணாவதுலருந்து நேரா அஞ்சாவது. எஜுகேஷன் ஆபீஸ்ல நான் பேசிக்கறேன்" என்று என்னைக் கூப்பிட்டபோதே சொல்லிவிட்டார். "கம்மியா வந்தா இந்தப் பேச்சே வேணாம். ஆஸ்பத்திரில காட்டிட்டு வரச் சொல்லிடலாம்."

ஆக, வண்ணக் கட்டைகளும் ஒரு ஸ்டாப் வாட்ச்சும் சேர்ந்து அந்தக் குழந்தை கெட்டிக்காரியா நோயாளியா என்று சொல்ல வேண்டும். செல்வராணி முந்தின ராத்திரி முழுக்கத் தூங்கவே இல்லையாம்; அதில் ஆச்சரியமில்லை.

உயரம் பார்த்து ஏற்றியவர்கள்

நாங்கள் வளர்ந்த ஜோலார்பேட்டை ரயில்வே குடியிருப்பைப் பற்றிப் போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியதைப் படித்துவிட்டு என் அண்ணன் போன் செய்து, "என்னப் பத்தி ஒரு வரி கூட இல்லியே" என்று குறைப்பட்டார். இந்த வாரம் அவர்தான் நாயகன். படித்துவிட்டு என்னோடு பேசாமல் இருந்தால் நான் பொறுப்பில்லை.

அண்ணனுக்கும் டபுள் புரமோஷன் கிடைத்தது. இரண்டாம் வகுப்பில் அவர்தான் எல்லோரையும்விட உயரம். ஒரு நாள் பெரிய வாத்தியார் வகுப்புக்குள் நுழைந்தார். "இவன் உக்காந்தா பின்னால இருக்கறவனுக்குப் போர்டு தெரியாது. நாலாவதுக்கு அனுப்புங்க" என்றார். அவ்வளவுதான் டெஸ்ட். அப்பா தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தார். அம்மா திருஷ்டி சுற்றிப் போட்டாள்.

வகுத்தல் கணக்கு மூன்றாம் வகுப்பில் இருந்தது. அண்ணன் அந்த வருஷத்தைத் தாண்டிக் குதித்துவிட்டதால் வகுத்தலும் அவரைத் தாண்டிப் போய்விட்டது. நான்காம் வகுப்பு முழுக்க வீட்டில் ஒரே அழுகை. பின்னாளில் பெரிய பெரிய வண்டிகளை ஓட்டி ஓய்வு பெற்றவர்தான் அவர். ஆனால் இன்றைக்கும் ஒரு கூடை மாம்பழத்தை நான்கு பங்காக்கச் சொன்னால் அண்ணியைக் கூப்பிடுவார்.

அதனால்தான் இந்த விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். காட்பாடியில் என் அறைக்கு வரும் அப்பாக்கள் சிலர், "மேடம், ஐக்யூவைக் கொஞ்சம் ஜாஸ்தி பண்ணிக் குடுங்களேன்" என்று கேட்பதுண்டு, காய்கறிக் கடையில் கொசுறு கேட்பதுபோல. அவர்களை வந்த வழியே அனுப்பிவிடுவேன். பிள்ளையை ஒரு வகுப்பு மேலே ஏற்றுவது பெரிய காரியம். அளந்துவிட்டு ஏற்ற வேண்டும். அளக்கும்போது கை நடுங்கக் கூடாது, மனசும் இளகக் கூடாது. என் ஸ்டாப் வாட்ச்சுக்கு யாரையும் தெரியாது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான்.

கட்டைகள்

இட்லி வேலை செய்தது. எஸ்தர் தெம்பாக உட்கார்ந்தாள். வார்த்தைகள், எண்கள், படத்தில் விடுபட்டவை என்று நான் கேட்கக் கேட்கச் சொல்லிக்கொண்டே போனாள். பெரிய பிள்ளைகளுக்கான கேள்விகளுக்குப் போனேன். அங்கேயும் நிற்கவில்லை. எண்களை நான் சொன்ன வரிசைக்குத் தலைகீழாகச் சொல்ல வேண்டிய பகுதியில் அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். ஆனால் முகத்தில் காட்டக் கூடாது என்பது விதி.

அடுத்தது கட்டைகள். சிவப்பும் வெள்ளையுமான மரக் கட்டைகள். அட்டையில் ஒரு கோலம் இருக்கும். அதைப் பார்த்துக் கட்டைகளை அடுக்கிவிட்டு "முடிச்சிட்டேன்" என்று பிள்ளை சொல்ல வேண்டும். சொன்னால்தான் கடிகாரத்தை நிறுத்தலாம்.

முதல் கோலத்தைக் கண் மூடித் திறப்பதற்குள் அடுக்கிவிட்டாள். ஆனால் முடித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. மிச்சமிருந்த கட்டைகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். முதலாவதற்குப் பக்கத்தில் இன்னொன்றை அடுக்க ஆரம்பித்தாள். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் பேசக் கூடாது. இரண்டாவதையும் அடுக்கி, இரண்டையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"முடிச்சிட்டேன் மேடம்."

இரண்டாவது கோலத்துக்கும் அப்படியே. மூன்றாவதுக்கும் அப்படியே. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இன்னொன்று. கடைசிக் கோலம் பெரியது. எல்லாக் கட்டைகளும் அதற்கே தேவைப்படும். பெரிய பிள்ளைகளே திணறும் அந்தக் கோலத்தை அவள் அடுக்கி முடித்தாள். பிறகு பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். கட்டை இல்லை. என்னிடம் கையை நீட்டினாள்.

"இன்னொரு பொட்டி இல்லியா மேடம்?"

நான் வாயைத் திறக்கவில்லை. அவளும் விடவில்லை. கையை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தாள். நேரம் முடிந்துவிட்டது.

எல்லாம் முடிந்து பெட்டியை மூடிய பிறகுதான் கேட்டேன். "ஒண்ணுதானே அடுக்கச் சொன்னேன். பக்கத்துல எதுக்கும்மா இன்னொண்ணு?"

எஸ்தர் என்னைப் பாவம் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"நீங்க சொன்னது இடது காலு. வலது காலு வேணாமா? ஒத்தக் கால் ஷூவ யாரு வாங்குவாங்க?"

பெட்டியை மறுபடியும் திறந்தேன். "எப்படி அடுக்கினே, காட்டு" என்றேன். அடுக்கினாள். இப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். பக்கத்தில் இருந்தது அதே கோலம் இல்லை. கண்ணாடியில் பார்த்தால் தெரிவதுபோல இடம் வலம் மாறியிருந்தது. அட்டையில் இல்லாத ஒரு கோலத்தை மனசுக்குள்ளேயே புரட்டிப் பார்த்து, அந்தக் குழந்தை ஒவ்வொரு முறையும் அடுக்கிக்கொண்டிருந்தாள். அதற்குத்தான் நான், நேரமாகிவிட்டது என்று அவள் மதிப்பெண்ணைக் குறைத்துக்கொண்டிருந்தேன்.

வாசலில் காத்திருந்த செல்வராணியிடம் விசாரித்தேன். அவருக்கு இது ஒரு பெரிய விஷயமாகவே படவில்லை.

"கம்பெனில சேர்றதுக்கு முன்னால வூட்லயே அப்பர் தெச்சிக்கினு இருந்தேன் மேடம். ஷூவுக்கு மேல்தோல் இருக்கு பாருங்க, அதான் அப்பர். இவ தவழ்ந்தது எல்லாம் அதுக்கு நடுவுலதான். பொம்மைக்குப் பதிலா அதத்தான் ஜோடி சேர்த்துக்கினு இருப்பா. ஒத்தக் காலா கீழ வெச்சா என்னியே திட்டுவா."

விமலா டீச்சர் சொன்ன புகார் அப்போதுதான் எனக்கு உறைத்தது. கூட்டலுக்குப் பக்கத்தில் கழித்தல். பெருக்கலுக்குப் பக்கத்தில் வகுத்தல். யாரும் நடத்தாத வகுத்தலை, பெருக்கலின் இன்னொரு கால் எப்படி இருக்கும் என்று தேடிப் போய் அவளே கண்டுபிடித்திருக்கிறாள். இத்தனை வருஷத்தில் எத்தனையோ கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டேன். அன்றைக்குப்போல் எனக்குக் கண் கலங்கியதில்லை.

கோட்டுக்கு அந்தப் பக்கம்

மதிப்பெண்ணைக் கூட்டினேன். மற்ற பகுதிகள் எல்லாம் உச்சத்தில். கட்டைகள் மட்டும் கீழே இழுத்துவிட்டன. மொத்தம் சுகந்தி மேடத்தின் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே நின்றது.

ஒரு கோலத்தின் நேரத்தைத் திருத்தியிருந்தால் போதும். யாருக்கும் தெரிந்திருக்காது. நான் திருத்தவில்லை. அப்படித் திருத்தினால், அண்ணனை உயரம் பார்த்து ஏற்றிய பெரிய வாத்தியாருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? உள்ளதை உள்ளபடி எழுதி, அதற்குக் கீழே நான் பார்த்ததையும் எழுதி, எடுத்துக்கொண்டு தலைமையாசிரியை அறைக்குப் போனேன்.

அவர் நம்பரை மட்டும் பார்த்தார். "கம்மியா இருக்கே மேடம்."

"நம்பர் கம்மிதான். குழந்தை கம்மி இல்ல. கீழ எழுதியிருக்கறதையும் படிங்க."

"படிச்சா இன்னா ஆகும்? இவளுக்கு வளைஞ்சு குடுத்தா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால் நான் வாதாட மாட்டேன், பிடிவாதம் பிடிப்பேன். கட்டைப் பெட்டியை அவர் மேஜையிலேயே கவிழ்த்துவிட்டு எஸ்தரைக் கூப்பிட்டேன். கடிகாரம் இல்லாமல் அடுக்கச் சொன்னேன். இடது கால் அடுக்கினாள், வலது கால் அடுக்கினாள், இரண்டையும் தடவிப் பார்த்தாள். சுகந்தி மேடம் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு முறை குனிந்து தன் செருப்புகளைப் பார்த்துக்கொண்டார். அதை நான் கவனித்தேன் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

"லீவு முடிஞ்சி ஸ்கூல் தொறந்ததும் ஒரு மாசம் அஞ்சாவதுல உக்காரட்டும்" என்றார் கடைசியில். "தாக்குப் பிடிச்சா அங்கயே இருக்கட்டும். இல்லன்னா நாலாவதுக்கு வந்துடணும்."

வளையாத மனுஷி அந்த அளவுக்கு வளைந்ததே எனக்குப் பெரிதாக இருந்தது. விஷயத்தைச் சொன்னதும் செல்வராணி திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்டார். "அப்ப வியாதி இல்லதானே மேடம்?"

மாடிப்படி

ஐந்தாம் வகுப்பு மாடியில். அங்கே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தால் எஸ்தருக்குக் கால் தரையைத் தொடவில்லை. பெரிய பெண்கள் அவளை ஒரு பொம்மையாக்கிக்கொண்டார்கள். ஆளாளுக்குச் சடையைப் பின்னிவிட்டார்கள். கணக்கில் யாரும் அவள் பக்கத்தில் நிற்க முடியவில்லை. விட்டுப்போன நான்காம் வகுப்புப் பாடங்களை அந்த வகுப்பாசிரியை மாலையில் தனியாக உட்காரவைத்து நடத்தினார். கேட்டதும் எனக்கு அண்ணனின் மாம்பழக் கூடை ஞாபகம் வந்தது. இந்த முறை யாரும் எதையும் தாண்டிக் குதிக்கவில்லை என்று நிம்மதியாக இருந்தது.

அந்த மாசம் முடியப்போகும் சமயத்தில் செல்வராணி போன் செய்தார். பின்னால் கம்பெனியின் மிஷின் சத்தம்.

"மேடம், எஸ்தர நாலாவதுக்கே போட்டுடச் சொல்லுங்க."

"ஏம்மா? நல்லாத்தானே படிக்கறா?"

"படிக்கறா. சாப்புடல. டெய்லி டப்பா அப்டியே வருது. கேட்டா பசிக்கலன்றா. டெஸ்ட்டுக்கு வந்தப்ப நான் தெரியாம பட்டினி போட்டேன். இப்ப அவளே பட்டினி கெடக்கறா. எனக்கு இந்தக் கணக்கெல்லாம் வேணாம் மேடம். புள்ள சாப்புட்டா போதும்."

மறுநாள் ஆம்பூருக்குப் போனேன். சாப்பாட்டு நேரத்தில் எஸ்தர் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் மூடிய டப்பா. அங்கே முற்றம் சிறியது. நான்காம் வகுப்புவரை உள்ள பிள்ளைகள் மதியம் முதல் மணிக்குச் சாப்பிட்டு எழுந்துவிட வேண்டும். பெரிய வகுப்புகளுக்கு அடுத்த மணி. ஆயிஷா இப்போது நான்காம் வகுப்பு. அவள் கை கழுவிவிட்டு வகுப்புக்குப் போன பிறகுதான் எஸ்தர் கீழே இறங்கி வர முடியும்.

"உனக்கு இந்த வகுப்பு பிடிக்கலியா எஸ்தர்?"

"புடிச்சிருக்கு."

"அப்புறம் ஏன் சாப்பிடறதில்ல?"

வெகு நேரம் டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். "ஆயிஷா இல்லாம எப்டி சாப்புடறது?" என்றாள். குரலில் அழுகை இல்லை.

எத்தனை கட்டைகள், எத்தனை படங்கள் வைத்திருக்கிறேன். ஒரு பிள்ளைக்கு யாரோடு சாப்பிட்டால் சாப்பாடு இறங்கும் என்று கேட்கும் கேள்வி என் பெட்டியில் இல்லை.

சுகந்தி மேடத்திடம் போய்ச் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு நம்பிக்கை இல்லை. நம்பரில் இம்மி நகராதவர், இதைக் கேட்டு என்ன செய்வார்? நான்காவதுக்கு அனுப்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் சுவரில் ஒட்டியிருந்த மணி அட்டவணையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஆயாம்மாவைக் கூப்பிட்டார்.

"நாளைலருந்து நாலாவதும் ரெண்டாவது மணிக்கே சாப்புடட்டும். முற்றத்துல எடம் பத்தலன்னா ஆபீஸ் வராண்டாவத் தொறந்து வுடு."

"ரெண்டு பொண்ணுங்களுக்காகவா மேடம்?" என்று என் வாய் சும்மா இருக்காமல் கேட்டுவிட்டது.

"ஒரு ஜோடிக்காக" என்றார். சிரிக்கவில்லை. அடுத்த ஃபைலைப் பிரித்துவிட்டார்.

மறுநாளும் நான் ஆம்பூரிலேயே இருந்தேன், பார்க்காமல் போக மனசில்லை. மூன்றாம் வகுப்பைத் தாண்டும்போது விமலா டீச்சரின் குரல் கேட்டது. புதிதாக வந்த பிள்ளைகளுக்குக் கூட்டல் நடத்திக்கொண்டிருந்தார். "விடை வந்துடுச்சு, சரி. இன்னொரு கால் எங்கடா?"

இரண்டாவது மணி அடித்தது. ஆயிஷா வராண்டாவில் தூணோரம் டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். எஸ்தர் மாடியிலிருந்து தடதடவென்று இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இன்னா கொண்டாந்த?"

"கத்திரிக்கா. உனக்கு?"

அதற்குமேல் அங்கே நின்றால் நான் அழுதுவிடுவேன் என்று கிளம்பிவிட்டேன்.

அன்று சாயங்காலம் ரயில் காட்பாடியை நெருங்கும்போது செல்வராணியிடமிருந்து போன். நலம் விசாரிக்கவில்லை, வணக்கம் சொல்லவில்லை.

"டப்பா காலி மேடம்" என்றார்.